தருமபுரியில் மனை விலை ஏறுமா? யாரைக் கேட்பது?

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் சும்மா நின்றால் போதும். யாராவது ஒருவர் கையில் மனை நோட்டீஸ் ஒன்றைத் திணித்துவிட்டுப் போய்விடுவார். வழவழ தாள், பச்சைப் புல்வெளி, நம்ம மாவட்டத்தில் எங்கேயும் பார்த்திராத ஒரு நீச்சல் குளம், கீழே கொட்டை எழுத்தில் "இன்று 3 லட்சம், சில வருடங்களில் 6 லட்சம்!" கூடவே இலவச வேன், மதியச் சாப்பாடு, அன்றைக்கே புக் செய்தால் தங்கக் காசு.

நான் படிப்பது பி.காம். பிசினஸ் எகனாமிக்ஸில் தேவையைக் கணிப்பது எப்படி என்று ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்கு மட்டும் படித்து மறக்கவேண்டிய பாடம் என்றுதான் எல்லோரும் வைத்திருந்தோம். ஆனால் அந்தப் பாடத்தையும் இந்த நோட்டீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. எங்கள் மாவட்டத்தில் வீடு, மனை பற்றி மக்கள் கைக்கு வந்து சேரும் ஒரே கணிப்பு இந்த நோட்டீஸ்தான். விற்கிறவரே ஜோசியரும்கூட!

மற்ற ஊர்களில் இதெல்லாம் எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் எத்தனை புது வீடு கட்ட ஆரம்பித்தார்கள் என்ற கணக்கை அவர்களுடைய சென்சஸ் துறை மாதா மாதம் வெளியிடுகிறது. அதுவும் நாடு முழுவதற்கும் ஒரே எண்ணாக இல்லை. வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு மண்டலமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். விற்பனை எத்தனை, விலை எவ்வளவு என்பதற்கும் தனித்தனியே கணக்கு வரும். அதை வைத்து அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குக் கணிப்பார்கள். கணிப்பு தப்பலாம், ஆனால் எதை வைத்துக் கணித்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

நம்ம நாட்டுக்கு வருவோம். தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ல் ரெசிடெக்ஸ் என்று ஒரு வீட்டு விலைக் குறியீடு ஆரம்பித்தது. அது பிறகு 50 நகரங்களுக்கு விரிந்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோவை என்று இரண்டே ஊர்கள். ரிசர்வ் வங்கியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குறியீடு போடுகிறது. 2010-11ஐ அடிப்படை ஆண்டாக வைத்து ஓடிய காலத்தில் அதில் 10 நகரங்கள், நம்ம பக்கத்திலிருந்து சென்னை மட்டும். சேலம்கூடக் கிடையாது, தருமபுரியை யார் கேட்கிறார்கள்? 2011 கணக்குப்படி எங்கள் மாவட்டத்தில் 15 லட்சம் பேர். ஆறில் ஐந்து பேர் கிராமத்தில் இருக்கிறோம். "இந்திய வீட்டுச் சந்தை இந்த வருடம் இத்தனை சதவீதம் உயரும்" என்று பேப்பரில் வரும் செய்தியில் நாங்கள் யாருமே இல்லை.

அந்தப் பெரிய நகரக் கணிப்புகளாவது ஒழுங்கா என்றால், அதுவும் ஒரு தமாஷ். 2024-ல் வீடு விற்பனை என்ன ஆனது? அனராக் நிறுவனம் 7 பெருநகரங்களை எண்ணிவிட்டு சுமார் 4.6 லட்சம் வீடு விற்றது, முந்தைய வருடத்தைவிட 4 சதவீதம் குறைவு என்றது. நைட் ஃபிராங்க் 8 நகரங்களை எண்ணிவிட்டு சுமார் 3.5 லட்சம் வீடு விற்றது, 7 சதவீதம் அதிகம், 12 வருடங்களில் இதுதான் உச்சம் என்றது. ஒரு நகரம் கூடுதலாக எண்ணியவர் ஒரு லட்சம் வீடு குறைவாகச் சொல்கிறார். ஒருவர் இறக்கம் என்கிறார், இன்னொருவர் ஏற்றம் என்கிறார். இரண்டுமே அதே நாடு, அதே வருடம் :-) இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த எல்லை வரை ஒரு நகரம், எதை விற்பனையாக எடுத்துக்கொள்வது என்பதில் ஆளுக்கொரு முறை. முடிந்துபோன வருடத்தை எண்ணுவதிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், வராத வருடத்தைப் பற்றி என்ன சொல்வது?

இன்னொரு பழைய கதையும் சொல்லியாக வேண்டும். டேவிட் லெரியா என்று ஒருவர், அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர்கள் சங்கத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர். இந்த ஏற்றம் உடையாது, பத்தாண்டு முடியும் வரை விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். 2006-ல் தலைப்பை மட்டும் மாற்றி மறுபடி வெளியிட்டார். அதே 2006-ல்தான் அங்கே விலை உச்சம் தொட்டது. அதன் பிறகு 2012 வரை நாடு முழுவதும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது வீடு விற்றால் கமிஷன் வாங்குபவர்களின் சங்கம். அத்தனை புள்ளிவிவரம் கையில் இருந்த நாட்டிலேயே விற்கிறவர் பக்கத்து ஜோசியம் இப்படிப் போனது. நம்ம ஊரில் புள்ளிவிவரமும் கிடையாது.

சரி, தருமபுரிக்கு நாமே ஒரு விலைக் குறியீடு போட்டால் என்ன? பத்திரப்பதிவுத் துறையில் கிரயப் பத்திரம் எல்லாம் இருக்கிறதே, அதில் உள்ள தொகையை எடுத்து சராசரி போட்டால் ஆச்சு என்று எனக்கும் தோன்றியது. அங்கேதான் சிக்கல். பத்திரத்தில் எழுதுவது கொடுத்த விலை இல்லை என்பது ஊரறிந்த ரகசியம். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு எவ்வளவோ, பத்திரத்தில் அவ்வளவு. மீதி "கைமாற்று". வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால் முத்திரைத்தாள் தாசில்தார், துணை ஆட்சியர் என்று அலைய வேண்டும். மேலே எழுதினால் கட்டணம் கூடும். அதனால் எல்லோரும் சரியாக அந்தக் கோட்டிலேயே நிற்கிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது பாருங்கள். தமிழ்நாட்டில் 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை மாற்றி அமைத்தார்கள். சதுர அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2017 ஜூன் 9 அன்று அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. (அன்றே பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குவது.) 100 ரூபாய் 67 ஆனது. 2023 ஏப்ரலில் பழைய 2012 மதிப்புக்கே திரும்பினார்கள், கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 67 மறுபடி 100. 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மறுபடி 67. பிறகு 2024 ஜூலை 1 முதல் வேறு புது மதிப்பு.

இப்போது பத்திரத் தொகையை வைத்து ஒரு கிராஃப் போடுங்கள். 2017 ஜூனில் ஒரே ராத்திரியில் சந்தை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது என்று காட்டும். 2023 ஏப்ரலில் ஒரே நாளில் 49 சதவீதம் எகிறியது என்று காட்டும். உண்மையில் அந்த இரண்டு நாளும் நல்லம்பள்ளியில் மனை வைத்திருந்தவர் கேட்ட விலையில் பத்து ரூபாய்கூட மாறியிருக்காது. எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் மாடல் வைத்திருந்தாலும், உள்ளே போடும் எண் அரசாணையின் தேதியை மட்டும்தான் சொல்லும் என்றால் வெளியே வரும் கணிப்பு என்னவாக இருக்கும்?

இந்த இரட்டை விலையால் நஷ்டம் அரசுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நஷ்டம் வாங்குகிறவருக்கு. வங்கி கடன் கொடுப்பது பத்திரத்தில் உள்ள மதிப்பைப் பார்த்து. 6 லட்சம் கொடுத்து வாங்கி 3 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால், கடன் அந்த 3 லட்சத்தின் மேல்தான். மீதி 3 லட்சம் கைக்காசு, அல்லது நகை, அல்லது வட்டிக்கு வாங்கிய பணம். 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தடவையில் 6.5-லிருந்து 5.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தபோது, வீட்டுக்கடன் மலிவாகும், வீடு விற்பனை கூடும் என்று எல்லாக் கணிப்பும் பாடியது. பாதிப் பணத்துக்கு மேல் வங்கிக்கு வெளியே புரளும் ஊரில் ரெப்போ குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன? இங்கே பார்க்க வேண்டிய வட்டி கந்து வட்டியும் ஏலச்சீட்டுத் தள்ளும்தான்.

அடுத்து விற்பனை எண்ணிக்கை. இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பத்திரத்தில் தொகையைக் குறைத்து எழுதலாம், ஆனால் பத்திரத்தின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. 100 மனை கைமாறினால் 100 பத்திரம். தானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் கழித்துவிட்டு கிரயத்தை மட்டும் எண்ணினால், ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் சந்தை சூடாக இருக்கிறதா, ஆறிப்போய் இருக்கிறதா என்று மாதா மாதம் தெரிந்துவிடும். பாலக்கோட்டில் கூடுகிறதா, அரூரில் குறைகிறதா என்பதையும் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி சென்னைக்குக் குறியீடு போடுவதே பதிவுத் துறை தரும் விவரத்தை வைத்துத்தான். அதே துறையின் அதே கம்ப்யூட்டரில்தான் எங்கள் பத்திரங்களும் இருக்கின்றன.

இந்த எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது. அந்தச் சமயத்தில் விற்பனை படுத்ததைப் பார்த்து மக்களுக்கு மனை மேல் ஆசை போய்விட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் தப்பு. ஆசை அப்படியேதான் இருந்தது, கதவைத்தான் சாத்தியிருந்தார்கள். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்த பிறகே சந்தை மூச்சு விட்டது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்பவர். வாரக்கூலியில் மிச்சம் பிடித்து, தவணை கட்டி, இரண்டே முக்கால் சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார். மகள் படிப்புச் செலவுக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது திட்டம். 2017 தொடக்கத்தில் விற்கப் போனால், அனுமதியில்லாத லேஅவுட், பத்திரம் பதிய மாட்டார்கள். விற்றவரைத் தேடிப் போனால் ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. விலை ஏறுமா என்றுதான் அவர் எல்லோரிடமும் கேட்டிருந்தார். விற்க முடியுமா என்று கேட்கவேண்டும் என அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெங்களூர், திருப்பூர் என்று வேலைக்குப் போகும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு மனைதான் பேங்க், மனைதான் இன்சூரன்ஸ், மனைதான் பிஎஃப். அவர்களுக்கு ஒரு கணிப்பு தப்பினால் பத்து வருட உழைப்பு பத்திரமாக பீரோவில் கிடக்கும், அவ்வளவுதான்.

புதுக் கட்டுமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் எண்ணுவாரே இல்லை. பெருநகரத்தில் பில்டர் 200 வீட்டை ஒரே நாளில் அறிவிப்பார், எண்ணிவிடலாம். இங்கே மேஸ்திரி ஒருவர், கொத்தனார் இரண்டு பேர், சித்தாள் நான்கு பேர். பணம் வந்தால் பேஸ்மட்டம் எழும்பும், அடுத்த சீட்டு எடுத்தால் லிண்டல் மட்டம், மாமனார் கொடுத்தால் கான்கிரீட். மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடு முடிந்த வீடா, முடியாத வீடா? அரசு கட்டிக்கொடுக்கும் வீடுகளுக்குக் கணக்கு உண்டு. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் மாநிலம் முழுக்க 8 லட்சம் வீடு என்று இலக்கு வைத்தது. மக்கள் தாங்களாகக் கட்டுவதற்குத்தான் கணக்கில்லை. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டதால், மாவட்டத்தில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பார்க்கக்கூட 2011-ஐத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் இதற்கு மின்வாரியத்திடம் போவேன். வீடு கட்டும்போது எடுக்கும் தற்காலிக இணைப்புக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. வீடு முடிந்தால் வீட்டு இணைப்பாக மாறும். இந்த இரண்டு எண்ணையும் பிரிவு அலுவலக வாரியாக மாதம் ஒருமுறை வெளியிட்டாலே, எங்கே கட்ட ஆரம்பித்தார்கள், எங்கே முடித்தார்கள் என்று தெரிந்துவிடும். அமெரிக்காக்காரன் மாதா மாதம் வெளியிடுகிறானே, அதற்கு நம்ம ஊர்ப் பதிப்பு. புதிதாக ஒரு ஆளைக்கூட வேலைக்கு எடுக்கவேண்டாம்.

"தம்பி, எல்லாம் சரி, ஆனால் நிலம் விலை ஏறத்தானே செய்யும்? இறங்கி எங்கே பார்த்தாய்?" என்று கேட்கும் பெரியப்பாக்கள் நிறைய பேர். ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு? 3 லட்சத்துக்கு வாங்கிய மனை பத்து வருடத்தில் 6 லட்சம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு என்றதும் வாய் பிளக்கிறோம். முழு மதிப்புக்கும் பத்திரம் போட்டு, முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் கட்டினால் அடக்க விலை 3,27,000. விற்கும்போது புரோக்கருக்கு 2 சதவீதம் போனால் கையில் 5,88,000. கூட்டு வட்டிக் கணக்கில் இது வருடத்துக்கு 6 சதவீதம். போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அங்கே பணம் வேண்டும் என்றால் ஆள் தேட வேண்டியதில்லை.

அதோடு, லாபம் பார்த்தவர் டீக்கடையில் சொல்வார். விற்க முடியாமல் வைத்திருப்பவர் சொல்ல மாட்டார், சொன்னால் இன்னும் விலை போகாது. நாம் காதால் கேட்பது எல்லாம் ஜெயித்தவர் கதைகளின் சராசரி.

இதற்குமேல் நோட்டீஸில் வரும் "வரப்போகிறது" பட்டியல் ஒன்று உண்டு. சிப்காட் வருகிறது, ஓசூரில் விமான நிலையம் வருகிறது, மொரப்பூர் ரயில் வருகிறது. எல்லாமே உண்மையான அறிவிப்புகள்தான், அதுதான் விசேஷம். 2019-ல் மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஜூனில் ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அடிக்கல்லுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில் எத்தனை வருடம் என்பது நோட்டீஸில் இருக்காது. பழைய மொரப்பூர் குறும்பாதை 1941-ல் மூடப்பட்டது, ஆக எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அந்த ரயில் "வந்துகொண்டு" இருக்கிறது. ரயில் வராமலே ரயில் விலை மட்டும் மனையில் ஏறிவிடுகிறது. கடைசியில் ரயில் வந்தாலும், அன்றைக்கு வாங்குகிறவர் அதற்கான விலையை ஏற்கெனவே கொடுத்துவிட்டவரிடமிருந்துதான் வாங்குவார்.

அரசு இந்த எண்களை எல்லாம் வெளியிடும் வரை என்ன செய்வது? இரண்டு வேலை நாமே செய்யலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் வருட வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் தருமபுரி மாவட்டத்து லேஅவுட்களை, மனை எண்ணிக்கையோடு, ஒரு எக்செல் தாளில் எண்ணிப் பாருங்கள். ஒரே தாலுகாவில் மனை மட்டும் குவிந்துகொண்டே போய், வீடு எழும்பவில்லை என்றால் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

இரண்டாவது, வில்லங்கம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். நாம் எப்போதும் வாங்கப்போகும் மனைக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறோம், கடன் இருக்கிறதா என்று. அதே லேஅவுட்டில் நான்கைந்து வருடத்துக்கு முன்பு விற்ற மற்ற மனைகளுக்கும் போட்டுப் பாருங்கள். முதலில் வாங்கியவரிடமிருந்து இரண்டாவது ஆள் ஒருவராவது வாங்கியிருக்கிறாரா? 80 மனை லேஅவுட்டில் எல்லாமே புரமோட்டர் விற்ற பத்திரமாக மட்டும் இருந்தால், அங்கே மறுவிற்பனையே நடக்கவில்லை. அப்புறம் "இப்போ இங்கே சென்ட் இவ்வளவு போகுது" என்று அவர் சொல்வது அவர் ஆசைப்படும் விலை. வேனில் ஏறுவதற்கு முந்தின ராத்திரி ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து நண்பர்கள் யாராவது தங்கள் ஊர் லேஅவுட் ஒன்றுக்கு இப்படி எண்ணிப் பார்த்தால் சொல்லுங்கள். நான் நல்லம்பள்ளி பக்கம் ஆரம்பித்திருக்கிறேன். செமஸ்டர் முடிந்ததும் பென்னாகரம் ரோடு.